பூசபாடி வீட்டு ராஜா

(தொடர் – 14)

இராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, "ராஜா வீட்டுக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டால் வழி கிடைக்காது. எதிர்க்கேள்விதான் கிடைக்கும்: "எந்த ராஜா?" வக்கீல் ராஜா, பஞ்சு வியாபாரி ராஜா, பள்ளிக்கூட வாத்தியார் ராஜா. சிங்கராஜாக்கோட்டை, சக்கராஜாக்கோட்டை, பழையபாளையம், புதுப்பாளையம் என்று பழைய தெருக்கள் முழுக்க ராஜாக்கள்தான். முடிசூடிய ராஜா அந்தத் தெருக்களில் ஒருவர்கூட இல்லை.

சாவடித் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் இதை எனக்கு ஒரு வரியில் விளக்கினார். "பேரைப் பார்த்தா குழம்பிடுவீங்க தம்பி. தாத்தா பேருதான் பேரனுக்கு. முன்னால இருக்கிற எழுத்தைப் பாருங்க, குடும்பம் தெரிஞ்சுபோகும்." அந்த முதல் எழுத்து வீட்டுப் பெயருக்கு உரியது. அவர்கள் வீட்டில் பேசும் தெலுங்கில் அதற்கு ‘இன்டி பேரு’ என்று பெயர். அடுத்த எழுத்து தகப்பனாருடையது.

சென்ற இதழில் சென்னை மாகாண ஆட்சித் தலைவர் ஓமந்தூராரை வழியனுப்பினோம். 1949 ஏப்ரல் 6ஆம் தேதி அவர் காலி செய்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் பி.எஸ். குமாரசாமி ராஜா. ‘எஸ்’ என்பது சஞ்சீவி ராஜா, தகப்பனார். ‘பி’ என்பது பூசபாடி. இந்த ‘பி’யை நாம் அவசரமாகத் தாண்டிப் போகக் கூடாது. ஒரு நூற்றாண்டும் அரையும் பின்னோக்கிப் போக வேண்டிய எழுத்து அது.

வடக்கே விசாகப்பட்டினத்துக்கு அந்தப் பக்கம் விஜயநகரம் என்று ஓர் ஊர். ஹம்பி விஜயநகரம் வேறு, இது வேறு. அந்த ஊரின் ஜமீன்தார்களுக்கும் வீட்டுப் பெயர் பூசபாடிதான். 18ஆம் நூற்றாண்டில் வட சர்க்கார் பகுதியில் அவர்களுக்கு மிஞ்சிய பெரிய நிலக்காரர் கிடையாது. 1757 ஜனவரியில் பக்கத்துப் பொப்பிலிக் கோட்டையை பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படையோடு போய்த் தரைமட்டமாக்கியவர் விஜயநகரத்து விஜயராம ராஜு. கோட்டைக்குள் இருந்த பெண்களும் குழந்தைகளும் எதிரி கையில் சிக்காமல் சாகடிக்கப்பட்ட பிறகுதான் கதவு திறந்தது. பழிவாங்கப் புறப்பட்ட தாண்ட்ர பாப்பையா இரவோடிரவாக விஜயராம ராஜுவின் கூடாரத்துக்குள் புகுந்து அவரைக் குத்திக் கொன்றார். ஆந்திரத்தில் இன்றும் கதைப்பாட்டாகப் பாடுகிறார்கள். அதே குடும்பத்தில் அதே பெயரோடு வந்த இன்னொரு விஜயராம ராஜு, கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பேஷ்குஷ் (கப்பம்) பாக்கிக்காக ஜமீனை இழந்து, 1794 ஜூலை 10ஆம் தேதி பத்மநாபம் என்ற கிராமத்தில் கம்பெனிப் படையோடு மோதிச் செத்தார். மகன் கம்பெனியோடு சமாதானம் செய்துகொண்டார். ஜமீன் ஒரு பகுதி திரும்பி வந்தது.

நம் பக்கத்திலும் அதே காலத்தில் அதே கதைதான். இராஜபாளையத்திலிருந்து தென்காசி ரோட்டில் போனால் முதலில் சேத்தூர், அப்புறம் சிவகிரி. இரண்டும் பழைய பாளையங்கள். இன்னும் தெற்கே நெற்கட்டும்செவலில் பூலித்தேவர். வடக்கில் பேஷ்குஷ் என்றார்கள், இங்கே கிஸ்தி என்றார்கள். பணம் கேட்டவன் ஒரே கம்பெனி.

இராஜபாளையத்துப் பூசபாடிகளும் விஜயநகரத்துப் பூசபாடிகளும் ஒரு கொடியில் பூத்தவர்கள் என்பது அந்தச் சமூகத்தின் நம்பிக்கை. விஜயநகரப் பேரரசுக் காலத்தில் ஆந்திரத்திலிருந்து தெற்கே வந்து, நாயக்கர்களுக்குப் படைவீரர்களாக இருந்து, மலையடிவாரத்தில் கிணறு வெட்டி விவசாயம் பார்த்தவர்கள் என்று தங்கள் வரலாற்றைச் சொல்வார்கள். வடக்கே தங்கியவர்களுக்கு மகாராஜா பட்டம். தெற்கே வந்தவர்களுக்கு வாழைத் தோட்டமும் பருத்திக் காடும் மாந்தோப்பும். இவர்கள் நிலம் ஜமீன் நிலம் அல்ல; பட்டா நிலம். இந்த வித்தியாசம் பின்னால் பெரிதாக வரப்போகிறது, மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குமாரசாமி ராஜா பிறந்தது 1898 ஜூலை 8. தாயும் தந்தையும் அவருக்கு நினைவு தெரியும் முன்பே போய்விட்டார்கள். உறவுக்காரர்கள் கையில் வளர்ந்தார். சொத்துள்ள வீட்டில் பெற்றோர் இல்லாத பிள்ளை எப்படி வேண்டுமானாலும் போயிருக்கலாம். இவர் காந்தியிடம் போனார். உள்ளூர் அரசியலில் தொடங்கி, காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் பழக்கம் வாய்த்து, சத்தியாக்கிரகம் செய்து சிறைக்கும் போய்வந்தார். 1934இல் மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி மூன்று ஜில்லாக்களுக்கும் சேர்த்து ஒரே இடமாக இருந்த தொகுதியிலிருந்து டெல்லி மத்திய சட்டசபைக்குத் தேர்வானார். 1937இல் மாகாணச் சட்டசபை.

அதே ஊரில், ஏறக்குறைய அதே வயதில், இன்னொரு ராஜா இருந்தார்: பி.ஏ.சி. ராமசாமி ராஜா. 1936இல் அவர் இராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். பஞ்சு மூட்டையாக வெளியூர் போய்க்கொண்டிருந்தது, நூலாகப் போக ஆரம்பித்தது. ஊர் இன்றைக்குத் தொழில் நகரமாக இருப்பதற்கு அவர்தான் காரணம். பிற்பாடு சிமெண்டும் வந்தது. விவசாயப் பணத்தை ஒருவர் மில்லில் போட்டார், மற்றவர் காங்கிரஸில் போட்டார். எது லாபம் என்ற கணக்கை இராஜபாளையத்துக்காரர்களிடம் கேட்காதீர்கள். பதில் உடனே வரும்.

இனி 1949. ஓமந்தூரார் யாருக்கும் வளைந்து கொடுக்காதவர், சொந்தக் கட்சி எம்.எல்.ஏ.க்களுக்கும்கூட. சிபாரிசுக் கடிதத்தோடு போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். கட்சி காமராஜர் கையில் இருந்தது. காமராஜர் விருதுநகர், குமாரசாமி ராஜா இராஜபாளையம், இரண்டும் அன்றைய ராமநாதபுரம் ஜில்லா. காமராஜர் தரப்பு அவரை நிறுத்தியது, ஜெயித்தது. அவருக்கு அப்போது ஐம்பது வயது.

பதவியின் பெயரைக் கவனியுங்கள். அவர் பதவியேற்றபோது ‘சென்னை மாகாணப் பிரதம மந்திரி’. 1950 ஜனவரி 26ஆம் தேதி குடியரசு ஆனதும் மாகாணம் ராஜ்யமாயிற்று, பிரதம மந்திரி முதன் மந்திரி ஆனார். சென்னையின் கடைசிப் பிரதம மந்திரியும் முதல் முதலமைச்சரும் அவர்தான். கவர்னராக இருந்தவரோ பவநகர் மகாராஜா கிருஷ்ணகுமார சிங்ஜி. ராஜ்யத்தை இந்தியாவிடம் ஒப்படைத்துவிட்டு வந்த நிஜ மகாராஜா. ஓர் ஆச்சரியமான ஜோடி: கோட்டையில் ராஜா, கிண்டியில் மகாராஜா, இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்ததோ ஜமீன் ஒழிப்பு உத்தரவுகளில்.

அந்தச் சட்டம் ஓமந்தூரார் கொண்டுவந்தது, 1948ஆம் வருஷத்து 26ஆம் சட்டம். அமலுக்கு வந்தது 1949 ஏப்ரலில், குமாரசாமி ராஜா வந்து உட்கார்ந்த அதே மாதத்தில். சட்டம் போடுவது ஒரு நாள் வேலை. அமல்படுத்துவதுதான் வருஷக்கணக்கில் இழுக்கும் வேலை. ஜமீன் கிராமத்தில் குடியானவனுக்கு ‘குடிவாரம்’, அதாவது உழுது பயிரிடும் உரிமை உண்டு. ஜமீன்தாருக்கு ‘மேல்வாரம்’, அதாவது விளைச்சலில் பங்கு. நடுவில் இருந்து வசூல் செய்யும் அந்த மேல்வாரத்தை அரசு எடுத்துக்கொள்ளும். குடியானவன் இனி நேராக அரசுக்கு வரி கட்டுவான். ஜமீன்தாருக்கு நஷ்டஈடு உண்டு. அதிலும் ஒரு நியாயம் வைத்திருந்தார்கள். சின்ன ஜமீனுக்கு வருஷ வருமானக் கணக்கைப்போல முப்பது மடங்கு. ஜமீன் பெருக்கப் பெருக்க மடங்கு குறைந்து, லட்ச ரூபாய்க்கு மேல் வருமானமுள்ளவர்களுக்குப் பன்னிரண்டரை மடங்கு.

1949 செப்டம்பர் 7. பெரிய ஜமீன்கள் பல ஒரே நாளில் அரசு கைக்கு வந்தன. ராமநாதபுரம் அன்றுதான் போனது. சிவகங்கை அன்றுதான். வடக்கே விஜயநகரமும் அன்றுதான். பொப்பிலியை இடித்து, பத்மநாபத்தில் ரத்தம் சிந்திப் பிடித்து வைத்திருந்த பூசபாடிகளின் ஜமீன், இன்னொரு பூசபாடி தலைமை தாங்கிய அரசின் கெஜட் அறிவிப்பில் முடிந்தது. இதை யாரும் அன்றைக்கு நாடகமாக்கிப் பேசியதாகத் தெரியவில்லை. சேத்தூரும் சிவகிரியும் அதே சட்டத்துக்குள் வந்தன. கிராமங்களுக்கு செட்டில்மெண்ட் தாசில்தார்கள் வந்தார்கள், சங்கிலி பிடித்து நிலம் அளந்தார்கள், சர்வே கல் நட்டார்கள். காலம் காலமாக ஜமீன் கச்சேரியில் ரசீது வாங்கிப் பழகியவன் கையில் பட்டா என்ற காகிதம் வந்தது.

இங்கேதான் பட்டா நிலத்தை ஞாபகப்படுத்த வேண்டும். ஜமீனை ஒழித்த சட்டம், அரசுக்கு நேராக வரி கட்டும் ரயத்துவாரிப் பட்டாதாரரை, அவருக்கு எத்தனை ஏக்கர் இருந்தாலும், தொடவில்லை. சட்டசபையில் காங்கிரஸ் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்களில் ஜமீன்தார்கள் குறைவு, பட்டாதாரர்கள் அதிகம். அடுத்தவன் நிலத்தைப் பற்றிச் சட்டம் போடுவது சுலபம் என்று நான் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆனால் தஞ்சாவூர்ப் பண்ணையாட்களுக்கு ஓர் அவசரச் சட்டம் வர 1952 ஆகஸ்டு வரை, ராஜாஜி வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது என்பது கணக்கில் இருக்கிறது.

அடுத்து வருவது, குமாரசாமி ராஜாவைப் பற்றிப் பேசுபவர்கள் வழக்கமாகத் தாண்டிப்போகும் பகுதி. சாது, எளிமையானவர், கதர் கட்டியவர், வீட்டைத் தானம் செய்தவர் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எல்லாம் உண்மை. அவர் தலைமை தாங்கிய அரசு மட்டும் சாதுவாக இல்லை.

குடியரசு பிறந்து பதினாறாவது நாள், 1950 பிப்ரவரி 11, சேலம் மத்திய சிறை. கம்யூனிஸ்ட் கைதிகள்மீது சிறைச்சுவருக்குள்ளேயே துப்பாக்கிச் சூடு. 22 பேர் செத்தார்கள். வெளியே ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் என்று அரசுத் தரப்பில் நியாயம் சொன்னவர்கள் உண்டு. பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு அந்த நியாயம் எப்படிப் பொருந்தும் என்று எனக்குப் புரியவில்லை.

மூன்று வாரம்கூட ஆகவில்லை, மார்ச் 1. அன்று சென்னை அரசு இரண்டு உத்தரவுகள் போட்டது. ஏற்கெனவே 1947 டிசம்பரிலிருந்து சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனை, டெல்லி அப்போதுதான் நிறைவேற்றியிருந்த தடுப்புக்காவல் சட்டத்தின்கீழ் தொடர்ந்து உள்ளே வைப்பது ஒன்று. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ பத்திரிகை சென்னைக்குள் நுழையக் கூடாது என்பது மற்றொன்று. (சரித்திர ஆசிரியர் ரொமிலா தாப்பரின் அண்ணன் இவர்.) மார்ச் 10ஆம் தேதி மூன்றாவது உத்தரவு. வக்கீல் வி.ஜி. ராவ் செயலாளராக இருந்த மக்கள் கல்விச் சங்கம் சட்டவிரோதமானது என்று அறிவிப்பு.

பத்து நாளில் மூன்று காகிதங்கள். மூன்றும் உச்ச நீதிமன்றம் போயின. இன்றைக்கு இந்தியாவில் எந்தச் சட்டக் கல்லூரிக்குப் போனாலும், அரசியல் சட்டப் பாடத்தில் ஆரம்பத்திலேயே இந்த மூன்று வழக்குகளும் வரும். எல்லாவற்றிலும் ஒரு தரப்பு சென்னை ராஜ்யம்.

கோபாலன் வழக்கில் 1950 மே 19ஆம் தேதி தீர்ப்பு. அரசு ஜெயித்தது. ஒருவரைச் சிறை வைப்பதற்குச் சட்டம் ஒன்று இருந்தால் போதும், அந்தச் சட்டம் நியாயமானதா என்று கோர்ட் பார்க்க வேண்டியதில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். நீதிபதி ஃபசல் அலி மட்டும் ஒப்பவில்லை. உரிமைகளைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பார்க்கக் கூடாது, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்று மாறுபட்டு எழுதினார். அவர் சொன்னதை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொள்ள இருபது வருஷம் ஆயிற்று. அந்தப் பெயரை மறக்க வேண்டாம், மறுபடியும் வருவார்.

ஒரு வாரம் கழித்து, மே 26, தாப்பர் வழக்கில் அரசு தோற்றது. பொது ஒழுங்கு என்ற காரணத்தைச் சொல்லிப் பத்திரிகையைத் தடுக்க அரசியல் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்றது தீர்ப்பு. வி.ஜி. ராவ் வழக்கிலும், 1952 மார்ச் 31ஆம் தேதி, தோல்வி. அது வந்து பத்தே நாளில் குமாரசாமி ராஜா மந்திரிசபையே போய்விட்டது.

நடுவே ஒரு நாலாவது வழக்கு. அதில் நான் அரசின் பக்கம். நம்மவர்கள் இன்றும் பேசுவதும் அதைத்தான். ‘கம்யூனல் ஜி.ஓ.’ என்று ஜனங்கள் வாயில் வழங்கிய வகுப்புவாரி உத்தரவு. காகிதத்தில் அது எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். மருத்துவக் கல்லூரியில் 14 இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ-இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. அடுத்த 14க்கும் இதே வரிசை. நீதிக்கட்சிக் காலத்திலிருந்து உருமாறி வந்த ஏற்பாடு, ஓமந்தூரார் திருத்தி வைத்த அளவு. செண்பகம் துரைராஜன் என்ற பெண்மணி, மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடாமலே, போட்டாலும் இடம் கிடைக்காது என்று வழக்குப் போட்டார். பொறியியல் கல்லூரிக்காக சி.ஆர். சீனிவாசன் இன்னொரு வழக்கு. 1950 ஜூலையில் உயர் நீதிமன்றத்தில் அரசு தோற்றது. 1951 ஏப்ரல் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. உத்தரவு செத்தது.

சென்னை கொதித்தது. பெரியார் தெருவில் இறங்கினார். 1949 செப்டம்பரில் பிறந்திருந்த தி.மு.க.வும் இறங்கியது. காங்கிரஸுக்குள்ளேயே முணுமுணுப்பு. இரண்டே மாதத்தில், 1951 ஜூனில், அரசியல் சட்டம் முதன்முதலாகத் திருத்தப்பட்டது. பிற்படுத்தப்பட்டவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) அப்போது வந்ததுதான். பத்திரிகைச் சுதந்திரத்துக்குப் ‘பொது ஒழுங்கு’ என்ற கடிவாளம் போட்டதும் அதே திருத்தம். செண்பகம் வழக்கின் தோல்வி சமூக நீதிக்கு வழி திறந்துவிட்டது, தாப்பர் வழக்கின் தோல்வி பேச்சுரிமையைக் கொஞ்சம் சுருக்கியது. இரண்டுக்கும் மூலம் சென்னைக் கோட்டையிலிருந்து போன காகிதங்கள். அதற்குப் பிறகு சென்னை அரசு பிற்படுத்தப்பட்டவர்களுக்கு 25 சதவீதமும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 15 சதவீதமும் ஒதுக்கிப் புது உத்தரவு போட்டது. இன்றைய இடஒதுக்கீட்டுக் கணக்கு அங்கிருந்துதான் வளர்ந்தது. குமாரசாமி ராஜா பேரை அதோடு சேர்த்து யாரும் சொல்வதில்லை.

ஆந்திரப் பிரிவினைத் தலைவலியும் அவர் தலையில்தான். 1949 கடைசியில் பிரிவினைக் குழு போட்டார்கள், தலைவர் இவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், அரசியல் முழுக்கத் தமிழ்நாட்டில். சென்னை நகரம் யாருக்கு என்ற கேள்வியில் ஆந்திரத் தலைவர் பிரகாசம் ஒத்துவராமல் தனியாக எழுதிக் கொடுத்தார், குழுவின் வேலை பரணுக்குப் போனது. பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் இருந்து செத்து, 1953 அக்டோபரில் ஆந்திரம் பிறந்தபோது இவர் பதவியில் இல்லை.

ஏன் இல்லை? ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவோம்.

இராஜபாளையத்துக்காரருக்கு அந்தக் காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்தான் தாலுகா ஊர். பத்திரம் பதிய, கோர்ட்டில் வாய்தாவுக்கு நிற்க, ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் பார்க்க, எல்லாவற்றுக்கும் அங்கேதான் போக வேண்டும். 192 அடி வடபத்ரசாயி கோபுரம் வயல்வெளிக்கு மேலே தூரத்திலேயே தெரியும். அரசு முத்திரையில் கோபுரம் ஏறியதும் 1949ஐ ஒட்டித்தான். அது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று நாடே சொல்கிறது. முத்திரையை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் மதுரை மேலக் கோபுரத்தைப் பார்த்து வரைந்தார் என்று சாதிப்பவர்களும் இருக்கிறார்கள். இந்தச் சண்டையில் நான் தலையிடுவதாக இல்லை. பால்கோவா கடைக்காரர்களிடம் மதுரை என்று சொல்லிவிட்டு வீடு திரும்ப முடியாது.

1952 ஜனவரி. வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு என்று நடந்த முதல் பொதுத்தேர்தல். முதலமைச்சர் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சட்டசபைத் தொகுதியில் நின்றார். சொந்த மண், சொந்த ஜனங்கள், ஜில்லாவே கட்சியின் கோட்டை. ஒரு சுயேச்சையிடம் தோற்றார்.

அவர் மட்டும் தோற்கவில்லை. மந்திரிகளில் பக்தவத்சலம் தோற்றார், கோபால ரெட்டி தோற்றார். பின்னாளில் ஜனாதிபதி ஆகப்போகும் சஞ்சீவ ரெட்டி, சிறையிலிருந்த தம் மைத்துனர் நாகி ரெட்டியிடம் அனந்தப்பூரில் தோற்றார். 375 இடத்தில் காங்கிரஸுக்கு 152. ஆட்சிக்குப் போதாது. ராஜாஜியை வீட்டிலிருந்து அழைத்து வர வேண்டியதாயிற்று. ஏப்ரல் 10ஆம் தேதி அவர் பொறுப்பேற்றார்.

சேலமும் கோபாலனும் தாப்பரும் இந்தத் தோல்விக்குக் காரணம் என்று சொன்னால் அது பட்டணத்துப் பேச்சு. ஜனங்களைத் தோற்கடிக்க வைத்தது வயிறு. 1947லிருந்து மழை வரிசையாகப் பொய்த்தது. கண்மாய்கள் வெடித்துக் கிடந்தன. யுத்த காலத்தில் ஆரம்பித்த ரேஷன் போகவே இல்லை, கொடுக்கும் அரிசியின் அளவு மட்டும் போனது. விவசாயி வீட்டுப் பத்தாயத்தைத் திறந்து பார்த்துக் கட்டாயக் கொள்முதல். சொந்த நெல்லை அடுத்த தாலுகாவுக்கு வண்டியில் ஏற்றினால் செக்போஸ்டில் பறிமுதல். நெல் வைத்திருந்தவனுக்கும் கோபம், இல்லாதவனுக்கும் கோபம். இரண்டு பேர் கையிலும் அந்த முறை ஓட்டு இருந்தது. ராஜாஜி வந்து ஜூன் மாதம் கட்டுப்பாட்டை எடுத்தார், மழையும் சொல்லிவைத்தாற்போல வந்தது. குமாரசாமி ராஜாவுக்கு வாய்க்காத மழை.

இந்த இடத்தில்தான் எனக்கு எப்போதும் ஒரு நெருடல். அதே தேர்தலில், அதே ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற பெயரில் லோக்சபா தொகுதியும் இருந்தது. அதில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று ஜெயித்தவர் காமராஜர். ஒரே சமயத்தில் ஒரே வட்டாரத்து ஜனங்கள் கட்சித் தலைவரை டெல்லிக்கு அனுப்பிவிட்டு, அவர் உட்கார்த்தி வைத்த முதலமைச்சரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ரேஷன் கடையில் நின்ற கோபத்தை யார்மேல் காட்ட வேண்டும் என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சர் ஆனபோது அவர் இன்னும் ஸ்ரீவில்லிபுத்தூர் எம்.பி.தான்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால், பிப்ரவரியில், குமாரசாமி ராஜா ஒரிசா கவர்னர் ஆனார். அவருக்கு முன் அங்கே கவர்னராக இருந்து, மாநிலங்களைத் திருத்தியமைக்கும் குழுவின் தலைவராக டெல்லி போனவர் யார் தெரியுமா? ஃபசல் அலி. கோபாலன் வழக்கில் சென்னை அரசுக்கு எதிராகத் தனித்து எழுதிய அதே நீதிபதி. அந்தத் தீர்ப்பு வந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. இருவரும் சந்தித்துக்கொண்டார்களா, பேசிக்கொண்டார்களா என்று நீங்கள் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

1956 செப்டம்பர் வரை ஒரிசாவில் இருந்தார். ஊர் திரும்பி ஆறு மாதத்தில், 1957 மார்ச் மாதம், காலமானார். வயது 58.

வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இராஜபாளையத்தில் தாம் குடியிருந்த வீட்டையே ஊருக்கு எழுதிக் கொடுத்தார் அவர். அதுதான் காந்தி கலை மன்றம். படிக்க நூலகம், பாட்டும் பேச்சும் கேட்க ஒரு கூடம். மூன்று வருஷம் சென்னை ராஜ்யத்தை ஆண்டவர் பிள்ளைகளுக்குச் சேர்த்து வைக்கும் முதல் சொத்தையே தானம் செய்தது பெரிய காரியம். பதவிக்கு வந்தபின் வீடு வாங்கியவர்களைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம்.

சென்னையிலும் அவர் பெயரில் ஒன்று இருக்கிறது. மந்திரிகள் குடியிருக்கும் கிரீன்வேஸ் சாலைக்கு அரசு வைத்த பெயர் பி.எஸ். குமாரசாமி ராஜா சாலை. கோபாலனைப் போல விசாரணை இல்லாமல் உள்ளே இருப்பவருக்கோ, சேலத்தில் நடந்ததுபோல் சிறைக்குள் அடிபட்டவருக்கோ இன்று தமிழ்நாட்டில் புகார் எழுத ஓர் அலுவலகம் உண்டு. மாநில மனித உரிமைகள் ஆணையம். அதன் விலாசம்: எண் 143, பி.எஸ். குமாரசாமி ராஜா சாலை, சென்னை – 28.

(தொடரும்)